குச்சி எடுக்க அரை நிமிடம், முடிவு வர எத்தனை நாள்?

2021 ஜனவரி மாதம். பட்டாணிச்சூரில் கொவிட் தொற்றாளர்கள் அடையாளம் காணப்பட்டதையடுத்து வவுனியா நகரக் கடைகள் மூடப்பட்டன. முதலாளிமாரும் ஊழியர்களும் வரிசையில் நின்று பீ.சி.ஆர். கொடுத்தோம். மூக்கில் குச்சி விட்டு எடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் என் கடையில் உருளைக்கிழங்கு அழுகியது, வெங்காயம் முளைத்தது, கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையின் திகதியும் வந்து நின்றது.

"மெஷினுக்கு ஆறு மணித்தியாலம் போதுமாம். நமக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?" என்று பக்கத்துக் கடை நாநா கேட்டார். நியாயமான கேள்வி. விசாரித்துப் பார்த்தபோது, இது வைத்திய விடயம் மட்டுமல்ல, சரக்குப் போக்குவரத்து விடயமும்தான் என்று விளங்கியது.

எடுத்த மாதிரியை ஒரு திரவக் குழாயில் இட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். சூடு பட்டால் மீனைப் போல அதுவும் கெடும். வடக்கில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் 2020 ஏப்ரலில் பீ.சி.ஆர். பரிசோதனையைத் தொடங்கியது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். வாகனம் நிறையும் வரை காத்திருந்தால் ஒரு நாள் போகும்; நிறையாமல் புறப்பட்டால் செலவு கூடும். லொறி ஓட்டும் நமக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. அங்கே போய்ச் சேர்ந்தாலும் மற்ற மாவட்டங்களின் மாதிரிகளோடு வரிசைதான்.

இரசாயனப் பொருள் தட்டுப்பாடான காலத்தில் உலகின் பல ஆய்வுகூடங்கள் கையாண்ட வழி, மாதிரிகளைச் சேர்த்துப் பார்ப்பது. 100 பேரில் இருவருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஐந்தாகச் சேர்த்தால் 20 பரிசோதனை. தொற்றுக் காட்டும் குழு இரண்டுக்கு மேல் வராது. அதிலுள்ள 10 பேரையும் தனித்தனியே பார்த்தாலும் மொத்தம் 30தான். எழுபது மிச்சம்! ஆனால் தொற்று பரவலாக இருக்கும்போது இந்தக் கணக்குத் தலைகீழாகும். மெல்லிய தொற்று கலப்பில் தப்பிவிடவும் கூடும்.

இயந்திரத்தைவிட எழுத்துப் பிழை எனக்கு அதிக நட்டம் தந்தது. என் கடைப் பையன் ஒருவனின் அடையாள அட்டை இலக்கம் எங்கோ பிழையாகப் பதியப்பட்டு, அவனது முடிவு கிடைக்கவேயில்லை. மறுபடி மாதிரி கொடுத்து, மறுபடி காத்திருந்தோம். நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு பெயர்ப் பட்டியல் இருந்திருந்தால் அந்த நாட்கள் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானியால் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்க அனுமதி 2021 பெப்ரவரி இறுதியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நம்மவர் பலர் பரிசோதனைக்கே அஞ்சினர். மக்கள் நம்பி முன்வராவிட்டால் எந்த ஆய்வுகூடமும் பயன்படாது. வாடிக்கையாளர் நம்பாத கடையைப் போலத்தான் அதுவும்.

செலவையும் பாருங்கள். 2021 ஓகஸ்டில் தனியார் பீ.சி.ஆர். கட்டணத்துக்கு அரசு விதித்த உச்ச வரம்பு 6,500 ரூபா. அன்டிஜன் பரிசோதனைக்கு 2,000 ரூபா. ஐந்து ஊழியர்கள் உள்ள கடைக்கு பீ.சி.ஆர். என்றால் 32,500 ரூபா. அன்டிஜன் அரை மணித்தியாலத்துக்குள் விடை சொல்லும், ஆனால் சில தொற்றுகளைத் தவறவிடும். எது வேகம், எது உறுதி என்று அறிந்தே தெரிவு செய்ய வேண்டும்.

அடுத்த நோய் நம்மிடம் கேட்டுக்கொண்டு வராது. எனவே நமது வர்த்தகர் சங்கங்கள் இன்றே மூன்று வேலை செய்யலாம். ஊழியர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் அடங்கிய பட்டியலை ஒவ்வொரு கடையிலும் வைத்திருத்தல்; அவசர காலத்தில் மாதிரிகளைக் கொண்டுசெல்ல வாகனமும் எரிபொருளும் தர முடியுமென்று சுகாதாரப் பணிமனையோடு முன்கூட்டியே பேசிவைத்தல்; இரண்டு வாரம் கடை மூடினாலும் சம்பளம் கொடுக்க ஒரு சிறு நிதி சேர்த்தல்.

அழுகிய மூட்டைகளை எறிந்த அன்று நான் எழுதிவைத்த கணக்கு இன்னும் கொப்பியில் இருக்கிறது. அதே கணக்கை இன்னொரு முறை எழுத எனக்கு விருப்பமில்லை.