மருமகளை மட்டும் கிளினிக்குக்கு அனுப்பினால் போதுமா?

சபாக் வட்டாரத் தோட்டங்களில் கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லையென்றால், முதலில் மருமகளைத்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போவார்கள். மகனை யாரும் கேட்பதில்லை. ஆனால், குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி ஆணின் பக்கமும் காரணம் உள்ளவை. அதில் ஒரு பங்கு மரபணுவில் ஒளிந்திருக்கிறது.

நம் உடலில் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. ஈரலிலும் தோலிலும் இருப்பது அதே தொகுப்புதான். எது வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. என்னும் நகல்களை எடுக்கும். ஒவ்வோர் உறுப்பிலும் அந்த நகல்களை எண்ணினால், எந்த மரபணு எங்கே விழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படி எண்ணியபோது, தனக்கே உரிய மரபணுக்கள் அதிகமாக இருந்த உறுப்பு மூளையல்ல, ஆணின் விந்தகம்!

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சி.சி.எம்.பி.) குமாரசாமி தங்கராஜ் குழுவினர், குழந்தையில்லாத ஆண்களின் மரபணுக்களைக் குழந்தை உள்ளவர்களுடையதோடு ஒப்பிட்டனர். 'டெக்ஸ்13பி' என்ற விந்தக மரபணுவில் இரண்டு மாற்றங்கள் தென்பட்டன. ஒன்று குழந்தையில்லாதவர்களிடம் மட்டுமே இருந்தது. எலியின் விந்தணுவை உருவாக்கும் உயிரணுவில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா மந்தமானது. 2024-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து வருவது. தாய்க்கு இரண்டு இருப்பதாலும், விந்தணு உருவாக்கம் அவருக்கு இல்லாததாலும் பாதிப்பு தெரியாது. (இதைப் படித்துவிட்டு மாமியார் மேல் பழி போடக் கிளம்பிவிடாதீர்கள். தெரியாமல் கடத்தியது யாருடைய குற்றமும் அல்ல.)

மரபணுச் சோதனை எல்லாருக்கும் தேவையில்லை. விரைநாள வீக்கம், பருவமடைந்த பின் வந்த பொன்னுக்கு வீங்கி, புகைப்பழக்கம் என வேறு காரணங்களும் உண்டு. முதலில் செய்ய வேண்டியது சாதாரண விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும், ஊசி கிடையாது. உடல் வலுவாகவும் தாம்பத்தியம் சரியாகவும் இருக்கும் ஆணுக்கும் விந்தணு இல்லாமல் போகலாம் என்பதால், பார்த்தே தீர வேண்டும்.

ஓராண்டு ஒன்றாக வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால், மனைவிக்கு வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவனும் மனைவியும் ஒரே நாளில் மருத்துவரைப் பாருங்கள்.