இளஞ்சிவப்பு ஸ்படிகம்

மாடம்பாக்கத்தில் ஸ்படிக மாலையைத் தெரியாத வீடு குறைவு. ரோஸ் குவார்ட்ஸ் என்று பிரேஸ்லெட்டும் டாலருமாக இப்போது விற்கிறதே, அதுவும் அதே பொருள்தான். இரண்டுமே சிலிக்கான் டை ஆக்சைடு. நிறம்தான் வேறு. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

குவார்ட்ஸ் நம்மூருக்குப் புதிதல்ல. பல்லாவரம் மலைக்கல்லிலும் அது இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடப்பது அந்த வகைக் கல். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல் சார்னாக்கின் பெயரையே வைத்து ‘சார்னகைட்’ என்றார். அதிலுள்ள குவார்ட்ஸ் சில இடங்களில் லேசாக நீலம் காட்டும். உள்ளே சிக்கிய நுண்ணிய ஊசிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற நீலம் என்பார்கள்.

ரோஸ் குவார்ட்ஸின் கதையும் ஏறக்குறைய அதுதான். டைட்டானியம், மாங்கனீசு என்று வெகுகாலம் காரணம் சொல்லிவந்தார்கள். கலிஃபோர்னியாவின் கால்டெக் ஆய்வாளர்கள் கல்லையே அமிலத்தில் கரைத்துப் பார்த்தார்கள். குவார்ட்ஸ் கரைந்துபோயிற்று, இளஞ்சிவப்பு இழைகள் மிஞ்சின. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை, டூமார்டியரைட் என்ற கனிமத்தை ஒத்தவை. 2001-ல் வெளியான இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. கல் ஏன் கண்ணாடிபோலத் தெளியாமல் மங்கலாகவே இருக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இழைகள் ஒழுங்காக அமைந்த கல்லைக் குமிழாகப் பட்டை தீட்டினால், விளக்கொளியில் ஆறு கதிர் நட்சத்திரம் தெரியும்.

ரோஸ் குவார்ட்ஸ் காதலைக் கூட்டும் என்ற பேச்சு நம் மரபில் வந்ததல்ல. நவரத்தினத்தில் இந்தக் கல்லுக்கு இடமே இல்லை. ஆனால் குவார்ட்ஸைத் துளைத்து மணி கோக்கும் கை இங்கே பழையது. ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்வில் அந்தப் பட்டறைகளின் தடயமே கிடைத்திருக்கிறது.

பராமரிப்பு எளிது. மோஸ் அளவில் கடினம் 7. தெருப்புழுதியிலும் குவார்ட்ஸ் துகள் உண்டு, அதனால் உலர்ந்த துணியால் தேய்த்தால் மெருகு போகும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில், மென்மையான சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொதிநீர் வேண்டாம், விரிசல் விடும். ‘சக்தி ஏற்ற’ உப்புத்தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் வெள்ளிக் கொக்கி கறுத்துப்போகும். நாள்கணக்கில் வெயிலில் வைக்கவும் வேண்டாம். நீலக்கல், மாணிக்கத்தோடு ஒரே டப்பாவில் போட்டால் அவை இதைக் கீறிவிடும்.

வாங்கும்போது கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நிறம் விரிசல்களில் மட்டும் திரண்டு நின்றால் சாயம் ஏற்றியது. உருண்டைக் காற்றுக் குமிழ் தெரிந்தால் கண்ணாடி.