விமானத்தில் ஏறும் சைக்கிளின் டயர் வெடிக்குமா?



பிரான்சு நாட்டில் ‘பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ்’ என்றொரு சைக்கிள் ஓட்டம் நடைபெறுகிறது. பாரிசுக்கு அருகிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் கடலோரத்திலுள்ள பிரெஸ்ட் நகரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். தொலைவு ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். அனுமதிக்கப்படும் அதிகப்படி நேரம் 90 மணி. 1891இல் இது முதன்முதலாக நடந்தபோது வென்ற சார்ல் தெரோன், அக்காலத்தில் புதுமையாக இருந்த காற்றடைத்த டயர்களைப் பூட்டி ஓட்டினார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இந்த ஓட்டத்துக்கு 2023இல் இந்தியா உட்படப் பல நாட்டினர் சைக்கிளைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டு சென்றனர்.

விமான நிலையத்தில் இவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “டயரில் காற்றை இறக்கிவிடுங்கள். மேலே போனால் வெடித்துவிடும்.” இது சரியா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

டயரின் அழுத்தம் 6 வளிமண்டலம் என்று பம்பின் மானி காட்டுவதாகக் கொள்வோம். மானி காட்டுவது, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். வெளியே 1 வளிமண்டலம் இருப்பதால், டயருக்குள் உண்மையில் இருப்பது 7 வளிமண்டலம். டயரின் கனஅளவு அதிகம் மாறாது என்று வைத்துக்கொள்வோம்.

சைக்கிளை வெற்றிடத்துக்கே கொண்டுபோனாலும் வெளி அழுத்தம் சுழியாகும். மானி 7 காட்டும். அவ்வளவே! நல்ல டயர் இந்த ஒரு வளிமண்டலக் கூடுதலைத் தாங்கும்.

ஆனால் விமானத்தின் சரக்கறை வெற்றிடமன்று. பயணிகள் அறையைப் போலவே அங்கும் காற்றழுத்தம் காக்கப்படுகிறது. அது சுமார் 0.75 வளிமண்டலத்துக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே மானி 6.25 காட்டும். அறை குளிர்ந்தால் இதுவும் குறையும். புறப்படும்போது வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின். மேலே 5 டிகிரி, அதாவது 278 கெல்வின் என்போம். உள்ளழுத்தம் 7 × 278 ÷ 303 = 6.42. அதில் 0.75ஐக் கழித்தால் 5.67. தரையில் இருந்ததைவிடக் குறைவு!

சரக்கறையில் ஏன் அழுத்தம் காக்க வேண்டும்? 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளி அழுத்தம் சுமார் 0.22 வளிமண்டலமே. மேலே 0.75, கீழே 0.22 என்றிருந்தால், பயணிகள் அறைத் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் 5 டன்னுக்கு மேற்பட்ட சுமை அழுத்தும். 1974 மார்ச் 3 அன்று பாரிசிலிருந்து கிளம்பிய டி.சி.-10 விமானம் ஒன்றில் சரக்கறைக் கதவு பிய்த்துக்கொண்டது. கீழே அழுத்தம் சரிந்ததும் மேல்தளம் இடிந்து, விமானத்தை இயக்கும் கம்பிவடங்கள் சிதைந்தன. 346 பேர் உயிரிழந்தனர்.

அப்படியானால் காற்றை இறக்கவே வேண்டாமா? விமான நிறுவனத்தின் விதி அப்படியிருந்தால் பணிய வேண்டியதுதான். ஆனால் விதி இடம் கொடுத்தால், விரலால் அமுக்கும்போது சற்றுக் குழியும் அளவுக்குக் காற்றை விட்டுவைப்பது நல்லது. பெட்டி தடாலென்று விழும்போது ரிம்முக்கு மெத்தையாக இருப்பது அந்தக் காற்றே. இந்த ஓட்டத்தில் இடம் பெறுவதற்கே அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும். இத்தனை உழைப்பும் ஒரு ரிம் நெளிந்ததால் வீணாகலாமா?

உண்மையில் அஞ்ச வேண்டியவை வேறு. அவசரத்துக்குக் காற்றடிக்கும் சிறு கரியமில வாயு உருளையில், 20 டிகிரியிலேயே 50 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் உண்டு. நிறுவனத்தைக் கேட்காமல் அதைக் கொண்டுபோகக் கூடாது. விளக்குக்கான உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். தீப்பற்றினால் சரக்கறையில் அணைக்க ஆளில்லை.

அடுத்த முறை மலையூர் ஒன்றுக்குப் போனால், காலியான பிளாஸ்டிக் பாட்டிலை அங்கே இறுக மூடிக் கீழே கொண்டுவாருங்கள். அது ஏன் ஒடுங்குகிறது என்று இனி நீங்களே சொல்வீர்கள் அல்லவா?