ஒண்ணு போனா சமாளிக்கலாம்... எல்லாமே போனா?

ராத்திரி கரண்ட் போனதும் நீங்க முதல்ல என்ன செய்வீங்க? மெழுகுவர்த்தி தேடுவீங்களா? ம்ஹூம்... ஜன்னல் வழியா எதிர் வீட்டை எட்டிப் பார்ப்பீங்க. அங்கேயும் இருட்டுன்னா ஒரு நிம்மதி. 'அப்பாடா, நமக்கு மட்டும் இல்லை!'

2018 நவம்பர் 16-ம் தேதி காலையில், புதுக்கோட்டை மாவட்டத்தில் எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதிகூட இல்லை. தெருவில் கரண்ட் கம்பமே இல்லை! நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு என்று தென்னையையும் பலாவையும் சாய்த்த கையோடு கம்பங்களையும் சாய்த்துவிட்டது. டெல்டாவையும் சேர்த்தால் விழுந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல்!

கரண்ட் இல்லைன்னா டி.வி. ஓடாது, அவ்வளவுதானேன்னு நினைக்காதீங்க. போர்வெல்லை நம்பி வாழும் ஊர்களில், மோட்டார் ஓடலைன்னா குடிக்கவே தண்ணி கிடையாது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகப் போய், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள்.

இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்திருக்க மாட்டார்களா?

யோசிக்காமல் என்ன! மின்சாரத் துறையில் ஒரு பால பாடம் உண்டு. 'என் மைனஸ் ஒன்' என்பார்கள்.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. நாலு பேர் பரிமாறுகிறார்கள். ஒருத்தர் கையைச் சுட்டுக்கிட்டு உட்கார்ந்துவிட்டால், மிச்ச மூணு பேர் சமாளிக்கணும். சாம்பார் நிற்கக் கூடாது. ஆனால் அந்த மூணு பேரும் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கிட்டிருந்தால்? அடுத்தவர் விழுவார். அவர் வாளியும் சேர்ந்ததும் மூணாவது ஆள் விழுவார். பந்தியே காலி!

2012 ஜூலை 30-ல் வட இந்தியாவில் நடந்தது இதுதான். பினா - குவாலியர் இடையே ஒரு லைன் பராமரிப்பில் இருந்தது. பாரம் தாங்காமல் இன்னொன்றும் போனது. வட மாநிலங்கள் மொத்தமும் இருட்டு. மறுநாள் திரும்பவும் அதே கதை. இந்த முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்துகொள்ள, பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 60 கோடிப் பேர்!

நம்ம தலை தப்பியது எப்படி? தென்மாநில கிரிட் அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக நாமும் சேர்ந்தோம். இன்று காற்று குறைந்தால் வடக்கிலிருந்து கரண்ட் வாங்கலாம். அங்கே தடுக்கினால் இங்கேயும் அதிரும். கூட்டுக் குடும்பம் பாஸ்!

சரி, தினசரி டென்ஷன் எது தெரியுமா? எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவே உற்பத்தியாகணும். தாளம் 50 ஹெர்ட்ஸ். அது ரொம்ப ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. ஆடியில் அள்ளிக் கொடுக்கிற காற்றாலை, ஆடி போனதும் கையை விரிக்கும். மேகம் வந்தால் சோலார் தூங்கும்.

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கா? இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைத்தோமே! தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்தது 31,000 மெகாவாட். கணக்கு தப்பு! ஆனாலும் கிரிட் விழவில்லை. சட்டென்று குறைக்கவும் கூட்டவும் முடிகிற நீர்மின் நிலையங்களைத் தயாராக வைத்திருந்தார்கள். கணிப்பு சரியாக இருக்கணும்னு அவசியமில்லை நண்பர்களே... தப்பாகப் போனால் என்ன செய்யணும்னு தெரிந்திருந்தால் போதும்!

கஜாவுக்கு வருவோம். 'ஒண்ணு போனா' என்ற கணக்கு, ஒரே ராத்திரியில் ஒரு லட்சம் கம்பம் போகும்போது உதவாது. எந்தப் புயலுக்கும் சாயாத லைனை ஊர் பூரா போடலாம்தான். செலவை யார் தருவது? போடாமல் விட்டு, தண்ணி இல்லாத நாட்களுக்கு யார் பதில் சொல்வது? புயல் எந்த வருஷம், எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமலேயே இந்த முடிவை எடுக்கணும். கஷ்டமே அதுதான்.

அதனால் இரண்டாவது கேள்வி முக்கியமாகிறது. விழாமல் இருப்பது எப்படி என்பது மட்டுமல்ல, விழுந்தால் எவ்வளவு சீக்கிரம் எழுவது? ஆஸ்பத்திரிக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் முதல் லைன், கையிருப்பில் கம்பம், கூப்பிட்டதும் வர ஆட்கள். அன்று வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் லைன்மேன்கள் வந்து, இடுப்பளவு வயல் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். நகரங்கள் முதலில் வெளிச்சம் பார்த்தன. உள்கிராமங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன.

வரிசையில் கடைசி ஊர் எதுவாக இருக்கணும்? இந்தக் கேள்விக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தானாக விடை சொல்லாது. அதைப் புரோகிராம் எழுதுகிறவர் சொல்லணும். அது நாளைக்கு நீங்களாகவே இருக்கலாம். ட்ரிபிள் ஈ படிக்கிற புதுக்கோட்டைக்காரரா? உங்க ஊர்த் தொட்டி மோட்டார் எந்த லைனில் ஓடுதுன்னு இந்த லீவில் கேட்டு வையுங்க. அடுத்த புயல் தேதி சொல்லிவிட்டு வராது!