குட்டைக்கால் நாயும் அதன் முதுகெலும்பும்

நேற்று வரை நாற்காலிக்கும் தரைக்குமாகத் தாவித் திரிந்த நாய், இன்று காலையில் முன்னங்கால்களை மட்டும் ஊன்றிப் பின்பாகத்தை இழுத்துக்கொண்டு வருவதைக் காணும் எசமானர், இரவில் எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்க வேண்டும் என்றோ, ஏதேனும் விஷப்பூச்சி கடித்திருக்க வேண்டும் என்றோ எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த நாய் டாஷண்ட் இனத்தைச் சேர்ந்ததாயின், அன்று காலையில் வெளிப்பட்ட விபத்துக்குரிய ஆயத்தம், பெரும்பாலும் அது குட்டியாயிருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டிருக்கும்.

பாட்ஜர் என்னும் பிராணியை அதன் வளைக்குள்ளேயே புகுந்து எதிர்ப்பதற்கென்று ஜெர்மனி தேசத்து வேட்டைக்காரர்கள் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனம் இது. குறுகிய கால்களும் நீண்ட உடலும் அதன் விசேஷ லக்ஷணங்கள். இந்த உருவத்தின் காரணத்தைத் தேடிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், எஃப்.ஜி.எஃப்.4 என்னும் மரபணுவின் உபரிப் பிரதி ஒன்று பதினெட்டாம் குரோமோசோமில் குடிகொண்டிருப்பதை 2009-லும், இன்னொரு பிரதி பன்னிரண்டாம் குரோமோசோமில் இருப்பதை 2017-லும் கண்டறிந்தார்கள். இரண்டுமே கால் எலும்பைக் குறுக்குகின்றன. ஆயினும் இரண்டாவது பிரதி அதோடு நில்லாமல், முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள ஜவ்வையும் கெடுக்கிறது.

டிஸ்க் என்று எல்லோரும் சொல்லும் அந்த ஜவ்வு, வெளியே உறுதியான நார் வளையமும், உள்ளே இளநுங்கைப் போல நீர்ப்பசையும் நெகிழ்வும் கொண்ட கூழுமாக அமைந்தது. டாஷண்ட் குட்டிக்கு ஒரு வயது நிறைவதற்குள்ளாகவே அந்தக் கூழ் நீர் வற்றிக் குருத்தெலும்பாக மாறத் தொடங்கி, காலக்கிரமத்தில் சுண்ணாம்பும் படிந்து இறுகிவிடுகிறது. இறுகிய பொருளின் அழுத்தத்தை நார் வளையம் தாங்கமாட்டாமல், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள், ஒரு சாதாரணத் தாவலிலேயே கிழிந்துபோகும். வளையம் மேற்புறத்தில் மெல்லியது. அதற்கு நேர் மேலே செல்வதோ தண்டுவடம். ஆகவே உள்ளிருப்பது பீறிட்டு நரம்பின் மேலேயே மோதுகிறது. இவ்வாறு வெடிப்பதை, மற்ற நாய்களுக்கு முதுமையில் வளையம் மெல்லப் புடைப்பதினின்றும் வேறுபடுத்தி, ஹான்சன் என்னும் ஸ்வீடன் தேசத்து அறிஞர் 1952-ல் விவரித்தார். அந்தப் பாகுபாடே இன்றும் வழங்குகிறது. மார்புப் பகுதியின் பெரும்பாகத்தில் இரு பக்கத்து விலா எலும்புகளைப் பிணைக்கும் ஒரு தசைநார் ஜவ்வின் மேலாக ஓடிக் காவல் செய்கிறது. விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் அந்தக் காவல் இல்லாமையால் வெடிப்பு அங்கேதான் மிகுதி. முன்னங்கால்களுக்குரிய நரம்புகள் அதற்கு வெகு முன்னரே பிரிந்துவிடுவதால் அவை தப்பிவிடுகின்றன.

தண்டுவடம் அமுங்கும்போது அதன் தொழில்கள் யாவும் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. பருமனான நரம்பிழைகள் முதலிலும் மெல்லியவை கடைசியிலுமாகச் செயலிழப்பதால் அந்த அழிவுக்கு ஒரு கிரமம் உண்டு, அதைக் கொண்டே வைத்தியர் நோயின் ஆழத்தை அளக்கிறார். நாயை நிற்கவைத்து, பின்பாதத்தின் மேற்புறம் தரையில் படும்படி மெல்ல மடித்து விட்டால், ஆரோக்கியமுள்ள நாய் அக்கணமே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். தன் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்னும் உணர்வை இழந்த நாயோ மடிந்த பாதத்தோடே நின்றுகொண்டிருக்கும். முதலில் போவது இந்த உணர்வே. பிறகு நடை தள்ளாடும். அதன்பின் காலை அசைக்கும் சக்தி அற்றுப்போகும், சிறுநீரின் மேலுள்ள சுவாதீனமும் போகும். எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போவது, விரலெலும்பை இடுக்கியால் அழுத்தும்போது உண்டாகும் ஆழ்ந்த வலியை அறியும் சக்தி. இந்தப் பரீட்சையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அழுத்தியதும் நாய் காலை இழுத்துக்கொண்டால் வலி தெரிகிறது என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் அது காயத்துக்குக் கீழேயுள்ள தண்டுவடம் மூளையின் உத்தரவின்றித் தானாகவே செய்யும் காரியம். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தாலோ, முனகினாலோ, கடிக்க வந்தாலோதான் செய்தி மூளையை எட்டியது என்று கொள்ள வேண்டும்.

இந்த வலியுணர்வு மிஞ்சியிருக்கும்போதே ரண சிகிச்சை செய்து, பீறிட்ட பொருளை அகற்றிவிட்டால், பத்து நாய்களில் ஏறக்குறைய ஒன்பது மறுபடியும் நடக்கின்றன. அதுவும் போய்விட்ட பின்னரோ, அவற்றில் ஏறத்தாழப் பாதிக்கே அந்தப் பாக்கியம் கிட்டுகிறது. ஆகையால் கால் துவண்ட நாயை உடனே சிறிய கூண்டிலோ பெட்டியிலோ அசையாமல் கிடத்தி வைத்தியரிடம் கொண்டுசெல்வதே முறை. முதுகை உருவிவிடுவதும், வீட்டிலிருக்கும் மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுப்பதும் தீங்கையே விளைக்கும். சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமேயன்றித் தண்டுவடத்தைக் காட்டாது, அதற்கு எம்.ஆர்.ஐ. படம் வேண்டும். வலியோ சிறு தள்ளாட்டமோ மாத்திரம் இருக்குமாயின், நான்கு வாரத்துக்குக் குறையாமல் கூண்டில் அடைத்து ஓய்வு கொடுப்பதாலும், மருந்தாலும் பல நாய்கள் தேறிவிடும். ஆனால் வலி குறைந்தவுடனே துள்ளத் தொடங்கும் நாயை அடக்கி வைப்பதுதான் எசமானருக்கு மெய்யான பரீட்சை.

எனினும் எக்ஸ்ரே பயன்படும் வேறோர் இடம் உண்டு. ஜவ்வில் படிந்த சுண்ணாம்பு அதில் தெளிவாகத் தெரியுமாதலால், டென்மார்க் முதலிய வட ஐரோப்பிய நாடுகளில், இனப்பெருக்கத்துக்கு விடும் டாஷண்டுகளை இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையே படமெடுத்து, சுண்ணாம்பு படிந்த ஜவ்வுகளை எண்ணி, அவை குறைவாயுள்ள நாய்களையே தாய் தந்தையராகத் தெரிந்தெடுக்க முயலுகிறார்கள். உருவத்தை விரும்பித் தெரிந்தெடுத்தவன் மனிதனே. அதனால் விளைந்த நோயை அடுத்த சந்ததியில் குறைக்கும் உபாயமும் அதே தெரிந்தெடுப்புத்தான் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.