எந்த மருத்துவமனையில் பயில்வது?

அறுவை மேசையில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். அவருடைய நுரையீரலிலிருந்து எடுத்த சிறு கட்டி பக்கத்து அறைக்குப் போயிருக்கிறது. அங்கே அதை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒருவர் பார்க்கிறார். புற்றுநோயா, இல்லையா? சுமார் 20 நிமிடத்தில் பதில் வேண்டும். ‘ஆம்’ என்றால் நுரையீரலின் பெரும் பகுதியை நீக்க வேண்டி வரலாம். ‘இல்லை’ என்றால் தைத்து மூடிவிடலாம்.

பதில் சொல்பவர் நோய்க்குறியியல் மருத்துவர். இந்தக் கூரிய பார்வை அவருக்கு எப்படி வந்தது?

அமெரிக்காவில், மருத்துவப் படிப்பை முடித்தபின் ஒரு மருத்துவமனையில் 4 ஆண்டுகள் பயிற்சி பெறுகிறார்கள். திசுக்களைப் பார்த்து நோயறிவது, இரத்த வங்கி, நுண்ணுயிர்ச் சோதனை எல்லாம் அதில் அடங்கும். எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது? பெயரும் புகழும் மட்டும் போதா. பெரிய மருத்துவமனையில் அரிய நோய்கள் வரும். ஆனால் கடினமான திசுக்களை மூத்தவர்களே எடுத்துக்கொள்ளக்கூடும். சிறிய இடத்தில் எல்லாம் கைக்கு வரும், வகைகள் குறைவு. ஆசிரியர் விடை சொல்லுமுன், மாணவர் தாமே பார்த்து ஒரு முடிவு எழுத நேரம் தருகிறார்களா? இதுவே முக்கியமான கேள்வி. விடையை முன்பே கேட்டுவிட்டால் கணக்குப் பழகுமா?

நேர்காணல்கள் முடிந்ததும் மருத்துவர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி அனுப்புகிறார். மருத்துவமனைகளும் அவ்வாறே அனுப்புகின்றன. 1952 முதல் இப்படித்தான் பொருத்துகிறார்கள். இங்கேதான் கணிதம் நுழைகிறது.

ஜான், மேரி இருவருக்கும் ‘க’ மருத்துவமனையே முதல் விருப்பம், ‘ச’ இரண்டாவது. இரண்டிலும் ஓரிடம்தான். முதலில் ஜானை ‘க’வில் வைக்கிறோம், தற்காலிகமாக. அடுத்து மேரி வருகிறார். ‘க’ மேரியையே அதிகம் விரும்புகிறது. ஜான் எழுந்து ‘ச’வுக்குப் போகிறார். அங்கே அதற்குள் வேறொருவர் அமர்ந்திருந்தால்? ‘ச’வின் பட்டியலில் ஜான் மேலே இருந்தால், அவர் எழுந்து இடம் விட வேண்டும். கடைசி ஆள் வரை எந்த இடமும் உறுதியில்லை.

இதனால் என்ன பயன்? “‘க’ எனக்கு எட்டாது, ‘ச’வையே முதலில் போடுவோம்” என்று ஜான் அஞ்ச வேண்டியதில்லை. ‘க’வை முயன்றதால் ‘ச’வில் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. உண்மை விருப்பத்தை எழுதுவதே சிறந்த உபாயம்!

இம்முறையின் கணிதத்தை 1962-இல் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் வெளியிட்டனர். மருத்துவர்களின் விருப்பத்திலிருந்து தொடங்கும்படி ஆல்வின் ராத் திருத்தியமைத்த முறை 1998-இல் நடைமுறைக்கு வந்தது. ஷேப்லியும் ராத்தும் 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

ஆறு நண்பர்கள் சேருங்கள். மூவர் மருத்துவர், மூவர் மருத்துவமனை. பட்டியல் எழுதிப் பொருத்திப் பாருங்கள். யார் முதலில் தொடங்கினாலும் முடிவு ஒன்றாகவே வருகிறதா? ஏன் என்று சிந்தியுங்கள்.