முதுகோடு முதுகாக நின்றவர்கள்

நாள்தோறும் காலையில் சீருடை அணிந்து, பள்ளிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு புறப்படுகிறோம். அச்சின்னம் நமக்கு என்ன சொல்கிறது என்று எண்ணிப் பார்க்கிறோமா? தொப்பியின் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு சின்னங்கள் அணிந்த காலாட்படை ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. கிளாஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் என்பது அதன் பெயர். பின்புறச் சின்னம் எவ்வாறு வந்தது என்பதை இங்குக் காண்போம்.

அந்நாளில் ஆங்கிலேயப் படைகளுக்கு எண்களே பெயராக வழங்கின. 1694-இல் தோன்றிய படை பின்னர் 28-ஆம் படை எனப்பட்டது. 1881-இல் அதுவும் 61-ஆம் படையும் இணைந்தே கிளாஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட் உருவாயிற்று.

1801-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே 28-ஆம் படை பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றது. வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று முன்னால் வந்த பகைவரோடு போரிட்டுக் கொண்டிருந்தனர். அவ்வேளையில் பிரெஞ்சுக் குதிரைப்படை பின்புறமாகப் பாய்ந்து வந்தது. பின்வரிசையினர் திரும்பி நிற்குமாறு ஆணை பிறந்தது. அவர்கள் அப்படியே திரும்பினர். இரு வரிசையினரும் முதுகோடு முதுகாக நின்று இருபுறமும் போரிட்டு வென்றனர். இதன் நினைவாகவே எகிப்தின் ஸ்பிங்ஸ் உருவம் பொறித்த சிறு சின்னம் தொப்பியின் பின்புறமும் இடம் பெற்றது.

புறமுதுகு காட்டுவது இழிவு என்று நம் முன்னோர் கருதினர். இவர்களோ பகைவருக்கு முதுகு காட்டவில்லை. தோழனை நம்பி அவனிடம் தம் முதுகை ஒப்படைத்தனர்.

ஆயினும் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. 61-ஆம் படை 1849-இல் பஞ்சாபின் சிலியன்வாலாவில் சீக்கியரை எதிர்த்துப் போரிட்டது. 1857-இல் டில்லி முற்றுகையிலும் பங்கு கொண்டது. அவர்களுடைய வீரம் இம்மண்ணின் மக்களுக்குத் துயரமாயிற்று. புகழை மட்டும் சொல்லி, துயரத்தை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது.

அலெக்சாந்திரியாப் போர் நடந்து 150 ஆண்டுகள் சென்றன. 1951 ஏப்ரலில் இந்த ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் ஐக்கிய நாடுகள் படையைச் சேர்ந்து கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் நின்றது. 22-ஆம் நாள் முதல் 25-ஆம் நாள் வரை, எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த சீனப் படையினர் அதனைச் சூழ்ந்தனர். இம்முறை நாற்புறமும் பகைவர்! இரவில் சீனரின் பியூகிள் ஒலி கேட்டபோது, இவர்களுடைய பியூகிள் வீரர் எழுந்து நின்று, பின்வாங்கும் அழைப்பு ஒன்றைத் தவிர, தாம் அறிந்த அழைப்புகளை எல்லாம் ஊதினாராம்.

இறுதியில், இயன்றவர்கள் தப்பிச் செல்லலாம் என ஆணை வந்தது. காயமுற்றோரால் நடக்க இயலவில்லை. படையின் குருவானவர் சாம் டேவிஸும் மருத்துவர் பாப் ஹிக்கியும் அவர்களை விட்டுப் போக மறுத்து அங்கேயே தங்கிச் சிறைப்பட்டனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதிகளாயினர். பட்டாளத் தலைவர் ஜேம்ஸ் கார்ன் நெடுநாள் தனிச்சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே அவர் மனம் தளரவில்லை. ஆணிகளைக் கொண்டே ஒரு கல்லைச் செதுக்கிச் சிறு சிலுவை செய்தார். 1953-இல் விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பினார். அச்சிலுவை கிளாஸ்டர் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

1994-இல் இந்த ரெஜிமெண்ட் வேறொரு படையுடன் இணைக்கப்பட்டது. 2007-இல் அதுவும் 'ரைபிள்ஸ்' என்னும் புதிய படையில் கலந்தது. பழைய பெயர் மறைந்தாலும், பின்புறச் சின்னம் விழாக்கால உடையில் இன்றும் தொடர்கிறது.

முன்புறச் சின்னம் நாம் யார் என்று உலகுக்குச் சொல்கிறது. பின்புறச் சின்னமோ, நம் பின்னால் நின்று காத்தவரை மறவாதே என்கிறது. நமக்குப் பின்னாலும் பெற்றோர், ஆசிரியர், அருட்சகோதரியர் எனப் பலர் நிற்கின்றனர். நம்மை நம்பி நிற்கும் தோழியர்க்கு, அந்தக் குருவானவரையும் மருத்துவரையும் போல, விட்டு விலகாத துணையாக நாமும் நிற்போமாக!